ஷிஃப்டுக்கு நடுவே உபவாசம்: தங்கச்சிக்கு அக்காவின் 7 டிப்ஸ்

"ஊரில் அம்மாவோடு சேர்ந்து லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பேன். இங்கே ஹாஸ்டலில் எப்படி அக்கா?" என்று சுங்குவார்சத்திரத்தில் ஆராதனை முடிந்ததும் ஒரு தங்கச்சி கேட்டாள். ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஆறு வருடம் லைனில் நின்றவள் நான். முதல் வருட லெந்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் காலை ஷிஃப்டுக்குப் போனேன். பத்து மணிக்கெல்லாம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்று முழுக்கப் பசியைத்தான் நினைத்தேனே தவிர, ஒரு வார்த்தை ஜெபிக்க முடியவில்லை. அதிலிருந்து கற்றுக்கொண்டதை உனக்கும் சொல்கிறேன்.

1. ஷிஃப்டைப் பார்த்து நாள் குறி

ஊர்ச் சபையில் வெள்ளிக்கிழமை பகலில் உபவாச ஜெபம் நடக்கும். அந்த நேரத்தில் நீ லைனில் நின்றால் மனம் வருந்தாதே. ஆதித் திருச்சபைக் காலத்து நூலான 'டிடாக்கே' புதன், வெள்ளி என இரண்டு நாட்களைச் சொல்கிறது; வெள்ளி மட்டும்தான் என்றில்லை. உனக்கு வீக் ஆஃப் எந்த நாளோ, அதையே ஆண்டவருக்கென்று எடுத்து வை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் சேர்ந்து போனால் உடம்பு தாங்காது.

2. அளவை முதல் நாளே முடிவு செய்

கத்தோலிக்கத் திருச்சபையில் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள். ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை கொஞ்சமாக. பாட்டிமார் இதை 'ஒருசந்தி' என்பார்கள். இறைச்சி விலக்குவது 'சுத்தபோசனம்'. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே பிள்ளைகள் அவரவர் பெலத்துக்குத் தக்கபடி தீர்மானிக்கலாம். தானியேலும் நண்பர்களும் பத்து நாள் மரக்கறியும் தண்ணீருமாகவே இருந்தார்கள். கேன்டீனில் கோழியை ஒதுக்கிவிட்டுச் சாம்பார் சாதம் சாப்பிடுவதும் அந்த வழிதான்.

3. தண்ணீரை விடாதே

எஸ்தர் மூன்று நாள் தண்ணீரும் குடிக்கவில்லையே என்பாய். அது ஒரு ஜனமே அழியவிருந்த நேரம். உபவாசம் வேலை நாளில் வந்தால் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவள் நீ. லெந்து நாட்களோ மாசி, பங்குனி வெயிலில் வருகின்றன. பாட்டில் கையிலேயே இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே லைன் லீடரிடம் சொல்லிவிட்டு உட்கார். ஏதாவது சாப்பிடு. ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. உடம்பைச் சோதித்துக்கொள்

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துக்கொள். இரத்தசோகை, சர்க்கரை, அல்சர் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ, மாதவிலக்கில் போக்கு அதிகமாக இருந்தாலோ சாப்பாட்டை விடாதே. அதற்குப் பதில் ஒரு நாள் ரீல்ஸை விடு. அந்த நேரம் ஜெபத்துக்குக் கிடைக்கும்.

5. சாப்பாட்டு நேரம் ஜெப நேரமாகட்டும்

ஷாப் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோக முடியாவிட்டால், ஒரு துண்டுச் சீட்டில் மூன்று ஜெபக்குறிப்புகள் எழுதி வை: வீட்டுக்காக ஒன்று, லைனில் கஷ்டப்படும் ஒருத்திக்காக ஒன்று, உனக்காக ஒன்று. பிரேக்கில் ஓரமாக உட்கார்ந்து ஜெபி. கம்பெனி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபி. ரூமில் நைட் ஷிஃப்ட் முடித்தவள் தூங்குவாள். அங்கே சத்தம் வேண்டாம். உபவாசிக்கிறவர்கள் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லியிருக்கிறார்.

6. மெதுவாக முடி

எடுத்த எடுப்பில் பரோட்டா, பிரியாணி, காபி வேண்டாம். முதலில் கஞ்சியோ இளநீரோ குடி. அரை மணி கழித்து இட்லி சாப்பிடு.

7. கூட நிற்பவளைக் கவனி

ஏசாயா 58ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசி. உபவாசம் இருந்துகொண்டே தங்கள் வேலையாட்களை வாட்டியவர்களை அங்கே கடவுள் கண்டிக்கிறார். பசித்தவனோடு உணவைப் பகிர்வதே தமக்குப் பிரியமான உபவாசம் என்கிறார். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நாம் மனப்பாடம் செய்ய வேண்டிய அதிகாரம் அது. பசி எரிச்சலில் புது ட்ரெய்னிமேல் எரிந்து விழுந்தால் அன்றைய உபவாசம் வீண். நீ விட்ட டிபன் காசை, முதல் சம்பளம் இன்னும் வராத பிள்ளையின் கையில் ரகசியமாக வை.

லெந்து நாட்களில் ஒரு வீக் ஆஃப் நாளில் பரங்கிமலைக்கு வா. படியேறும் வழியில் சிலுவைப்பாதையின் 14 நிலைகளும் இருக்கின்றன. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள். அந்தப் புது ட்ரெய்னியையும் கூட்டி வா. நின்று நின்று ஜெபித்தபடி ஏறுவோம். இறங்கியதும் மூன்று பேருக்கும் கஞ்சி என் வீட்டில்.