அரிதான கார்டும் விலைபோகும் கார்டும்

கார்டில் ‘லிமிடெட் எடிஷன்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தால் அது அரிது என்ற நம்பிக்கை தாராவி 90 அடி சாலையிலும் உண்டு, செம்பூர் அடுக்ககங்களிலும் உண்டு. டாப்ஸ் நிறுவனம் ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ என்ற பெயரில் ஐபிஎல் கார்டுகளை இங்கே விற்ற காலத்துப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் நம்பிச் சேர்த்தார்கள். எத்தனை அச்சடித்தோம் என்று வெளியிட்டவர் சொல்லாதவரை அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

எண்ணிட்ட கார்டு வேறு. 23/99 என்றிருந்தால் அந்த வகையில் 99தான் உண்டு. ஆனால் ஒரே படத்தை நீலம், பச்சை, சிவப்பு, பொன் என நிறம் மாற்றிப் பல வகைகளாக அச்சிடுவது இன்றைய வழக்கம். தனித்தனியே ஒவ்வொன்றும் அரிது. கூட்டிப் பார்த்தால் அந்த ஆட்டக்காரரின் முகம் ஆயிரக்கணக்கில் உலவும்.

‘பழசானால் பணம்’ என்பது அடுத்தது. இங்கிலாந்தில் ஜான் பிளேயர் சிகரெட் பெட்டிகளோடு 1934இலும் 1938இலும் வந்த கிரிக்கெட் கார்டுகள் ஏராளமாக அச்சானவை; இத்தனை ஆண்டுகள் கழித்தும் மலிவாகக் கிடைக்கின்றன. 1952இல் டாப்ஸ் வெளியிட்ட மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டின் கதை வேறு. விற்காமல் தேங்கிய பெட்டிகளை நிறுவனமே 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அழுக்குப்படாமல் தப்பிய ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இதுபோன்ற பழைய கார்டுகளின் விலை ஏறுவதைப் பார்த்து, அதற்கு வெகுமுன்பே, 1980களின் கடைசியில் அமெரிக்காவே கார்டுகளைப் பத்திரப்படுத்தத் தொடங்கியது. நிறுவனங்களும் கணக்கில்லாமல் அச்சடித்தன. அந்தக் காலத்துக் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று விலையே இல்லை. எல்லோரும் சேர்த்துவைத்த பொருள் எப்படி அரிதாகும்?

முதல் கார்டுதான், அதாவது ‘ரூக்கி’தான் உயர்ந்தது என்பது அமெரிக்காவில் பெரும்பாலும் சரி. கிரிக்கெட்டில் எது முதல்? செம்பூர்ப் பக்கம் அணுசக்தி நகரில் வளர்ந்த சூர்யகுமார் யாதவ் 2010இல் மும்பைக்காக ரஞ்சி ஆடினார், 2012இல் ஐபிஎல்லில் ஒரே ஓர் ஆட்டம், 2014 முதல் கொல்கத்தா, 2018இல் மீண்டும் மும்பை, 2021 மார்ச்சில்தான் இந்திய அணி. இதில் எந்த ஆண்டுக் கார்டை ரூக்கி என்பது? சேகரிப்பாளர்களிடையே இதற்கு முடிந்த விடை இல்லை. ‘ரூக்கி’ என்று சொல்லி எவரேனும் கூடுதல் விலை கேட்டால், எந்தப் போட்டியின் எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது பாக்கெட் கணக்கு. 24 பாக்கெட்டுக்கு ஒரு சிறப்புக் கார்டு என்று உறையில் இருந்தால், 24 வாங்கினால் ஒன்று நிச்சயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது சராசரி, வாக்குறுதி அல்ல. கார்டுகள் நன்றாகக் கலந்திருந்தால், 24 பாக்கெட் பிரித்த 100 பேரில் சுமார் 36 பேருக்கு ஒன்றுகூட வராது. வராதவன் 25வது பாக்கெட்டுக்கு அப்பாவிடம் காசு கேட்பான். அதிலும் வாய்ப்பு அதே 24இல் ஒன்றுதான். ஒரு குறிப்பிட்ட கார்டுதான் வேண்டுமென்றால் அதை மட்டும் வைத்திருப்பவரிடம் விலைக்கு வாங்குவது மேல். பாக்கெட் பிரிப்பதன் மகிழ்ச்சி வேறு. அதற்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கலாம்.

பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் 10க்கு மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. அந்த மதிப்பெண் முனை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருப்பது ஆகியவற்றுக்கு. அந்த ஆட்டக்காரரை யாரேனும் தேடுகிறார்களா என்று அது சொல்லாது. சாதாரண கார்டுக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவே அதன் விலையைத் தாண்டிவிடும்.

விலையைப் பார்க்கும் இடத்திலும் ஏமாற்றம் உண்டு. ஈபேயில் ஒருவர் லட்சம் என்று போட்டிருப்பது அவர் கேட்கும் விலை. விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடினால் உண்மையில் கைமாறிய தொகை தெரியும். அதே ஆண்டு, அதே வகை, அதே நிலையில் உள்ள கார்டு ஒன்றுகூட அண்மையில் விற்கவில்லையென்றால், அதற்கு இன்னும் சந்தை விலை உருவாகவில்லை.