குப்பியா, பேனாவா? இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு

வல்லம் ஒன்றியத்துக் கிராமங்களில் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எழுதிக்கொடுப்பது செஞ்சியிலோ திண்டிவனத்திலோ, உடல்நிலை மோசமானால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நடக்கும். ஊர் திரும்பியபின் அவருக்குத் துணை, கிராம சுகாதார செவிலியரும் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலரும்தான். குப்பி மருந்தும் சிரிஞ்சும் போதுமா, பேனா வேண்டுமா என்று வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் அவர்களுடையதே.

குப்பி மலிவு. ஆனால் அதில் உயிருக்கே ஆபத்தான ஒரு குழப்பம் உண்டு. நம் நாட்டில் குப்பி மருந்து பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 25 யூனிட். சர்க்கரை சரிந்து நோயாளி மயங்கிவிடுவார். மாற்றிச் செய்தால் 10க்குப் பதில் 4 யூனிட்தான் போகும்; சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று யாருக்கும் புரியாது. மருந்துக்கடையில் "இன்சுலின் சிரிஞ்சு கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். குப்பியைக் கையில் கொண்டுபோய், எண்ணைக் காட்டி வாங்குங்கள்.

பேனாவில் இந்தச் சிக்கல் இல்லை. அளவைத் திருகி வைத்தால் போதும் என்பதால் பார்வை மங்கியவருக்கும் கை நடுங்குபவருக்கும் அதுவே நல்லது. முதலில் 2 யூனிட்டை வெளியே அழுத்தி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். போட்டபின் பத்து வரை எண்ணி, அப்புறம்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

ஆனால் பேனாவில் ஒரு விஷயத்தில், குறிப்பாக மருத்துவமனை வார்டில், கண்டிப்பு வேண்டும். ஊசியை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவருக்குப் போடவே கூடாது. ரத்தம் பின்னோக்கி கார்ட்ரிட்ஜுக்குள் போகலாம். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் அந்த வழியில் பரவக்கூடும். ஆளுக்கொரு பேனா கிடைக்காத வார்டில், ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் சிரிஞ்சே பாதுகாப்பு.

ஊசி நீளமும் முக்கியம். பேனாவின் 4 மில்லிமீட்டர் ஊசியைப் பெரும்பாலான பெரியவர்களுக்கு நேராகக் குத்தலாம். சிரிஞ்சின் 8 மில்லிமீட்டர் ஊசி என்றால் தோலை மெல்லத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒல்லியானவருக்குச் சாய்வாகவும் போட வேண்டும், இல்லையேல் தசைக்குள் இறங்கிவிடும். தொப்புளை இரண்டு விரல் விட்டு வயிற்றில் போடலாம், தொடையிலும் போடலாம். ஆனால் நேற்றுப் போட்ட இடத்தில் இன்று வேண்டாம். வலிக்கவில்லை என்று ஒரே இடத்தில் போட்டால் கொழுப்புக் கட்டி விழும். அங்கே போடும் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது. செவிலியர் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

கத்திரி வெயிலில் குப்பி, பேனா இரண்டுக்கும் ஒரே கவலைதான். பிரிக்காத மருந்து குளிர்பெட்டியில் இருக்கட்டும், உறைபெட்டியில் வைக்காதீர்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமண் நிரப்பிய பானை நடுவே சிறு பாத்திரத்தில் வைக்கலாம். பிரித்த மருந்தை, பெரும்பாலான வகைகளில், நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

தனியாக இருக்கும் முதியவருக்குப் பேனா வாங்கிக்கொடுங்கள். கண் தெளிவாக உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் 40 யூனிட் குப்பியும் சிவப்பு மூடிச் சிரிஞ்சுமே போதும். மிச்சமாகும் பணத்தில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டைகளை வாங்குங்கள்.