கொழுப்பு எப்படி மூச்சுக்கு மருந்தாகும்?

கேள்வி: என் அக்காவுக்கு 30 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தைக்கு மூச்சுத்திணறல். மூச்சுக்குழாய் வழியாகப் பால் போன்ற ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். அது 'பாஸ்போலிப்பிட்' என்ற கொழுப்பு என்றார் டாக்டர். கொழுப்பு எப்படி மூச்சுக்கு உதவும்? கர்ப்பத்தில் லெசித்தின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: முதலில், உங்கள் அக்கா சாப்பிட்டதோ சாப்பிடாததோ இதற்குக் காரணமில்லை. அவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சமையல் எண்ணெயில் ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்திருக்கும். பாஸ்போலிப்பிட்டில் கொழுப்பு அமிலங்கள் இரண்டுதான். மூன்றாவது இடத்தில் பாஸ்பேட்டும், அதையொட்டி கோலின் போன்ற ஒரு சிறு மூலக்கூறும் இருக்கும். இந்த ஒரு மாற்றத்தால் குணமே மாறிவிடுகிறது. பாஸ்பேட் உள்ள தலைப்பகுதி தண்ணீரோடு சேரும். கொழுப்பு அமில வால்கள் தண்ணீரை விட்டு விலகும். அதனால் தண்ணீரில் இவை தாமாகவே தலை வெளியே, வால் உள்ளே என்று இரண்டு அடுக்காக அமைந்துவிடும். நம் செல்கள் ஒவ்வொன்றையும் சூழ்ந்திருக்கும் சவ்வின் அடிப்படை இந்த இரட்டை அடுக்குதான். 1925-லேயே நெதர்லாந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பி அளந்து, இரட்டை அடுக்கு என்ற முடிவுக்கு வந்தார்கள்.

தலையில் கோலின் இருந்தால் பாஸ்பாட்டிடைல்கோலின். முட்டை மஞ்சள் கருவிலும் சோயாவிலும் உள்ள லெசித்தினில் முக்கியமானது இதுதான். செரின் இருந்தால் பாஸ்பாட்டிடைல்செரின். வழக்கமாகச் சவ்வின் உள்பக்கம் இருக்கும் இது, செல் சாகும் நேரத்தில் வெளிப்பக்கம் வந்து, அந்தச் செல்லை அகற்றும்படி விழுங்கணுக்களுக்குத் தெரிவிக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் கார்டியோலிப்பின் என்ற வகை உண்டு. நரம்பு உறையில் உள்ள ஸ்பிங்கோமைலின் என்ற பாஸ்போலிப்பிட்டில் மட்டும் கிளிசராலே கிடையாது.

இனி நுரையீரலுக்கு வருவோம். காற்று நுண்ணறைகளின் உட்சுவரில் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். நீரின் பரப்பு இழுவிசை அந்தச் சிறு அறைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கடினம்! குறைமாதக் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படித்தான் போராடுகிறது. நிறைமாதக் குழந்தையின் நுரையீரலில் சர்பாக்டன்ட் என்ற பொருள் சுரந்து அந்த இழுவிசையைக் குறைத்துவிடும். அதில் முக்கியமானது டைபால்மிட்டாயில்பாஸ்பாட்டிடைல்கோலின். பெயர் நீளம்தான், ஆனால் அமைப்பு அழகானது. செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிட்களில் பெரும்பாலும் ஒரு வால் வளைந்திருக்கும்; இதில் இரண்டு வால்களுமே நேரானவை. அதனால் மூச்சை வெளியே விடும்போது மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கி நின்று, அறை மூடாமல் காக்கின்றன.

இந்தப் பொருள் போதாததுதான் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்பதை 1959-ல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். ஆனால் மருந்து உடனே வரவில்லை. 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டே நாளில் இறந்தான். ஜப்பானின் புஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்பாக்டன்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்து, 1980-ல் வெற்றியை அறிவித்தார். இன்று பயன்படுவதும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றி நுரையீரலிலிருந்து வருவதே.

லெசித்தின் மாத்திரை இதைத் தடுக்காது. வாய்வழி போகும் லெசித்தின் குடலிலேயே சிதைக்கப்படுகிறது. தவிர, இங்கே குறை மூலப்பொருளில் இல்லை. சர்பாக்டன்டைச் சுரக்கும் செல்கள் இன்னும் முதிரவில்லை என்பதுதான் சிக்கல். அவற்றை முதிரச் செய்வது பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி. லிக்கின்ஸும் ஹோவியும் 1972-லேயே இதை நிரூபித்துவிட்டார்கள். விலையும் மிகக் குறைவு. ஆனால் ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் அவகாசம் வேண்டும். எனவே 34 வாரத்துக்கு முன் வலியோ, நீர்க்கசிவோ, ரத்தப்போக்கோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போய், அந்த ஊசியைப் பற்றி நீங்களே கேளுங்கள்.