முறிந்த போல்ட்டைக் கழற்றுதல்: நீர்ப்பம்பியை மீளப் பயன்படுத்துவோருக்கு

நீங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தோட்டத்து நீர்ப்பம்பி மழையிலும் வெயிலிலும் கிடந்து துருப்பிடித்திருக்கும். அதைக் கழற்ற முயலும்போது போல்ட்டின் தலை முறிந்து, அடிப்பகுதி உள்ளேயே தங்கிவிடுவதுண்டு. இதற்காகப் பம்பியை இரும்புக் கடைக்குப் போட வேண்டியதில்லை. பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

முதலில் பாதுகாப்பு
புதருக்குள்ளோ இடிபாட்டுக்குள்ளோ பாதி புதைந்து கிடக்கும் இயந்திரத்தை இழுக்காதீர்கள். அருகில் மிதிவெடியோ வெடிக்காத வெடிபொருளோ இருக்கலாம். தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். வேலை தொடங்குமுன் எரிபொருள் தாங்கியைக் கழற்றித் தூர வையுங்கள். கண்ணாடி அணியுங்கள்.

1. ஊற விடுங்கள்
துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, போல்ட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் அல்லது டீசல் விடுங்கள். ஓர் இரவு ஊறட்டும். இடையிடையே சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். முறிந்த துண்டு வெளியே நீண்டிருந்தால் பிடிகுறட்டால் பிடித்து, இரு பக்கமும் சிறிது சிறிதாக அசைத்து, பின் இடப்புறமாகச் சுழற்றுங்கள்.

2. பாகத்தை அசையாமல் நிறுத்துங்கள்
துண்டு உள்ளே இருந்தால் துளையிட வேண்டும். இங்கேதான் பலர் பாகத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். பம்பி உறை நத்தை ஓடு போல வளைந்தது, புகைக்குழாயும் கோணலானது. மேசையில் வைத்தால் ஆடும். வைஸில் இறுக்கினால் வார்ப்பு வெடிக்கும். ஆகவே பாகத்திலுள்ள மற்றைய நல்ல துளைகள் வழியே போல்ட் போட்டு, தடித்த பலகையில் பூட்டுங்கள். இடைவெளிகளில் மர ஆப்பு வையுங்கள். முறிந்த போல்ட் நேராக மேல்நோக்கி நிற்க வேண்டும்.

3. நடுவில் துளையிடுங்கள்
முறிந்த முகத்தை அரத்தால் மட்டமாக்கி, சரியான நடுவில் கூரான உளியால் புள்ளி குத்துங்கள். அதே அளவான நல்ல போல்ட் ஒன்றின் நீளத்தைப் பார்த்து, அந்த ஆழத்துக்குத் துறப்பண அலகில் நாடா சுற்றுங்கள். முதலில் 3 மில்லிமீற்றர் அலகால், எண்ணெய் விட்டு, மெதுவாகத் துளையுங்கள். உறை அலுமினியமானால் மிகக் கவனம்: அது இரும்பு போல்ட்டை விட மென்மையானது. அலகு சிறிது விலகினாலும் அலுமினியத்தைத் தின்று புரியை அழித்துவிடும்.

4. வெளியே எடுங்கள்
துளைக்குள் இடப்புரிக் கழற்றியைச் செலுத்தித் திருப்பலாம். இறுகினால் பலம் போடாதீர்கள். அது கடின உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரண அலகால் துளைக்க முடியாது. 8 மில்லிமீற்றர் போல்ட்டானால் துளையைப் படிப்படியாக 6.8 மில்லிமீற்றர் வரை பெருப்பித்து, 1.25 இடைவெளிப் புரியை மீள வெட்டலாம். 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 5 மில்லிமீற்றர் துளை, 1 இடைவெளிப் புரி.

எப்போது நிறுத்த வேண்டும்?
துளை விலகினாலோ வார்ப்பில் கீறல் தெரிந்தாலோ நிறுத்திவிட்டு, வெல்டிங் வேலைத்தலத்துக்குக் கொண்டு செல்லுங்கள். முறிந்த துண்டின் மேல் நட் ஒன்றை ஒட்டி, அந்தச் சூட்டிலேயே கழற்றித் தருவார்கள். அலுமினியத்தை நீங்களே தீயில் காய்ச்சாதீர்கள். அது சிவக்காமலே 660 பாகை செல்சியஸில் உருகிவிடும்.

நினைவில் வையுங்கள்: புதிய போல்ட்டை மலிவாக வாங்கலாம். வெடித்த உறைக்கு மாற்று உறை எளிதில் கிடைக்காது. மீளப் பூட்டும்போது புரியில் கிறீஸ் தடவுங்கள். அடுத்த முறை எளிதாகக் கழரும்.