குடியுரிமைக்குள் ஒரு கோட்டை

அன்புள்ள இனியன்,

ஐஸ்லாந்து மொழியில் குடியுரிமைக்கு என்ன சொல் என்று கேட்டிருந்தாய். 'ரீகிஸ்போர்கரரியெத்துர்'. நீளத்தைக் கண்டு மலைக்காதே. கடைசியிலிருந்து பிரித்துப் பார். 'ரியெத்துர்' என்றால் உரிமை, 'போர்கரி' குடிமகன், 'ரீகி' அரசு. நம் சொல்லிலும் உரிமைதான் கடைசியில் நிற்கிறது. ஆனால் தமிழ்த் தொகைச்சொல்லில் வேற்றுமை உருபு மறைந்துவிடும். இந்தச் சொல்லில் அது மறையவில்லை. 'ரீகி' 'ரீகிஸ்' ஆகிறது, 'போர்கரி' 'போர்கர' ஆகிறது. இரண்டும் ஆறாம் வேற்றுமை வடிவங்கள். எந்தத் துண்டு எதைச் சார்ந்தது என்று சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

நடுத்துண்டில் சற்று நில். 'போர்க்' என்றால் கோட்டை. பிறகு நகரம் என்றும் ஆயிற்று. உயரத்தைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து பிறந்தது. ஐஸ்லாந்து ஊர்ப்பெயர்களில் பாறைக்குன்றையும் குறிக்கும். 'போர்கரி', அதாவது நகரவாசி, வட ஜெர்மனி வணிகர்கள் பேசிய மொழியிலிருந்து வந்த சொல். ஐஸ்லாந்திலோ அப்போது நகரமே கிடையாது. ஆட்கள் பண்ணைகளில் சிதறி வாழ்ந்தார்கள். ரெய்க்யவிக் வணிக நகர உரிமை பெற்றதே 1786இல்தான். 1801இல்கூட அங்கே சுமார் 300 பேர்தான் இருந்தார்கள். மதிலுக்குள் வாழ்ந்தவனின் பெயர் மதிலே இல்லாத நாட்டுக்கு வந்து, பிற்காலத்தில் ஆடு மேய்ப்பவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் உரியதாகிவிட்டது. இந்தச் சொல்லில் என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான்.

இரு முனைகளும் உறவுக்காரர்கள். 'ரீகி', 'ரியெத்துர்' இரண்டுக்கும் நேராக்குதல், நெறிப்படுத்துதல் என்ற ஒரே தொல்வேரைக் காட்டுகிறார்கள் மொழியறிஞர்கள். 'ரீகி' மட்டும் கெல்டிக் மொழிவழி சுற்றி வந்தது. வடமொழி 'ராஜன்' என்பதையும் அதே வேரோடு சேர்ப்பார்கள். ஆகவே நாம் புழங்கும் 'ராஜ்யம்' 'ரீகி'க்குத் தூரத்துச் சொந்தம்.

இனி, இந்த உரிமையைத் தரும் அரசுக்கு வருவோம். 1918 டிசம்பர் 1இல் ஐஸ்லாந்து இறையாண்மை பெற்ற தனி அரசானது. மன்னர் மட்டும் டென்மார்க்கின் மன்னரே. 1944 ஜூன் 17இல் குடியரசாயிற்று. இன்றும் அந்நாட்டு நாடாளுமன்றமான அல்திங் தனிச்சட்டம் இயற்றிக் குடியுரிமை தர முடியும். ஜப்பானில் தடுத்துவைக்கப்பட்டிருந்த செஸ் மேதை பாபி ஃபிஷருக்கு 2005இல் அப்படித்தான் தந்தது.

அடுத்து, குடியரசைக் குறிக்கும் 'லீத்வெல்தி'யைப் பிரித்துப் பார். 'லீதுர்' என்றால் மக்கள். 'வெல்தி' என்னவாக இருக்கும் என்று நீயே கண்டுபிடித்து எழுது.

அன்புடன்,
சித்தி