காருக்கு கஸ்டம் டியூனா? பணம் கட்டும் முன்னால் இந்தக் கணக்கைப் போடுங்க



வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆச்சு. செகண்ட் ஹேண்டில் ஆசைப்பட்ட போலோ டிஎஸ்ஐ எடுத்தாச்சு. 2022-ல் ஃபோக்ஸ்வேகன் இந்தியாவில் போலோ விற்பனையை நிறுத்திய பிறகும் அந்தக் காருக்கு மவுசு குறையவில்லை. அடுத்த போனஸ் வந்ததும் மனசு எங்கே போகும்னு எனக்குத் தெரியும்: ‘ஒரு டியூன் போட்டுடலாமா?’ நானும் அந்த இடத்தில் நின்றவன்தான். அதனால ‘அந்தக் காசை எஸ்ஐபியில் போடுங்க’ என்று ஒரு வரியில் முடிக்கப் போவதில்லை.

முதலில், எதுக்குக் காசு கொடுக்கிறோம்? 1.0 டிஎஸ்ஐ போலோ கம்பெனியிலிருந்து வரும்போது 110 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். அதே இன்ஜினால் இன்னும் கொஞ்சம் தர முடியும். ஆனால் கம்பெனி தரவில்லை. வேலூர் மே மாத வெயில், தரமில்லாத பெட்ரோல், சர்வீஸைத் தள்ளிப் போடும் ஓனர், எல்லாத்தையும் அந்த இன்ஜின் தாங்கணும். அதுக்காக ஒரு மிச்சம் விட்டு வைத்திருக்காங்க. டியூனர் ஈசியூவில் இருக்கும் மென்பொருளை மாற்றி, டர்போ அழுத்தத்தைக் கூட்டி, ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்னே தள்ளி, அந்த மிச்சத்தை எடுத்துக் கொடுக்கிறார். நம்ம பாஷையில் சொன்னால், இன்ஜினோட எமர்ஜென்சி ஃபண்டை எடுத்து இன்றைக்குச் செலவு பண்றீங்க.

செலவு பண்ணலாம், தப்பில்லை. ஆனா அந்த ஃபண்ட் காலியான பிறகு ஏதாவது உடைந்தால் யார் கட்டுவது? அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: நீங்க. டியூன் போட்ட நிமிஷத்திலிருந்து உங்க காருக்கு வாரன்ட்டி கம்பெனி நீங்கதான்.

‘சர்வீஸுக்குப் போகும்போது பழைய ஃபைலை ஏத்திட்டா தெரியாதுங்க’ என்று சொல்வாங்க. நம்பாதீங்க. ஈசியூ எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற கணக்கு உள்ளேயே இருக்கும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் சிஸ்டத்தில் டிடி1 என்று ஒரு குறியீடே உண்டு. மென்பொருள் மாற்றப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டால் அந்தக் காரின் பதிவில் அது ஏறும். அப்புறம் இன்ஜின், கியர்பாக்ஸ் தொடர்பான வாரன்ட்டி கிளெய்ம் எல்லாம் சிக்கல்தான். மீதி இருக்கும் வாரன்ட்டியும் பணம்தான். டியூன் விலையோடு அதையும் சேர்த்துத்தான் கூட்டணும்.

சரி, கஸ்டம் என்றால் என்ன? ஸ்டேஜ் 1 என்று விற்பது பெரும்பாலும் ரெடிமேட் ஃபைல். அதே மாடல் கார் எல்லாத்துக்கும் ஒரே ஃபைல். கஸ்டம் டியூன் என்பது தையல்காரர் அளவெடுப்பது மாதிரி. முதலில் உங்க காரை டைனோவில் ஏற்றி, இப்போ எவ்வளவு பவர் வருதுன்னு பார்க்கணும். பிறகு ஒரு மேப் ஏற்றி, ஓட்டி, லாக் எடுக்கணும். டர்போ அழுத்தம், காற்று-எரிபொருள் விகிதம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், நாக் வருவதால் இன்ஜின் தானாக ஸ்பார்க்கை எவ்வளவு பின்வாங்குது, இதெல்லாம் அந்த லாக்கில் இருக்கும். அதைப் பார்த்துத் திருத்தி, மறுபடி ஓட்டி, மறுபடி திருத்தணும். நீங்க கொடுக்கும் காசு இந்த மணிநேரங்களுக்குத்தான், ஃபைலுக்கு இல்லை.

இங்கேதான் நான் ஏமாந்தேன். கஸ்டம் என்று சொல்லி 38,000 ரூபாய் வாங்கினாங்க. நாற்பது நிமிஷத்தில் சாவியைக் கையில் கொடுத்துட்டாங்க. டைனோவும் இல்லை, லாக்கும் இல்லை. ரெண்டு மாதத்தில் மூன்றாவது கியரில் முழுசா மிதித்தால் கார் திக்க ஆரம்பித்தது. ஒரிஜினல் ஃபைலைக் கேட்டால் ‘சேவ் பண்ணலையே சார்’ என்றார்கள். வேறொரு டியூனரிடம் போய் ஸ்டாக் ஃபைல் ஏற்றி, ஸ்பார்க் பிளக், காயில் எல்லாம் மாற்றி முடிக்க இன்னொரு 22,000. ஆக மொத்தம் 60,000 கொடுத்து, கம்பெனி கொடுத்த அதே காருக்குத் திரும்பி வந்தேன்!

அதனால பணம் கட்டும் முன்னால் டியூனரிடம் நேராகக் கேளுங்க. டியூனுக்கு முன்னும் பின்னும் டைனோ ஷீட் தருவீங்களா? ஒரிஜினல் ஃபைலை என் கையில் தருவீங்களா? எத்தனை திருத்தம் விலைக்குள்ளே வரும்? எந்த பெட்ரோலுக்கு டியூன் பண்றீங்க? கடைசிக் கேள்வி முக்கியம். 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலுக்குப் போட்ட மேப்பை வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் கிடைத்ததை ஊற்றி ஓட்ட முடியாது. இ20 பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். அது முழுசா எரியப் பழைய பெட்ரோலை விட அதிக எரிபொருள் தேவை. சென்சார் ஓரளவு சரிசெய்துகொள்ளும். ஆனால் சில வருஷம் முன்னால், பழைய பெட்ரோலில் டியூன் செய்த காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால், இப்போ ஒரு தடவை லாக் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பவர் நம்பரை விட டார்க் நம்பரைக் கேளுங்க. கிளட்ச்சையும் கியர்பாக்ஸையும் பதம் பார்ப்பது டார்க்தான். பழைய 1.2 ஜிடி டிஎஸ்ஐயில் இருக்கும் 7 கியர் டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது. ‘அதையும் தாண்டிக் கொடுக்கிறேன்’ என்று ஒருத்தர் பெருமையா சொன்னால், நன்றி சொல்லிட்டுக் கிளம்புங்க. நல்ல டியூனர் குறைந்த ஆர்பிஎம்மில் டார்க்கை வேணும்னே அடக்கி வைப்பார்.

இப்போ கணக்கு. டியூன் 45,000 என்று வைப்போம். கிரெடிட் கார்டில் 15 சதவீத வட்டிக்கு 12 மாத இஎம்ஐ போட்டால் மாதம் 4,062 ரூபாய். வட்டியும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து கிட்டத்தட்ட 4,400 கூடுதல். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்றால் 77 லிட்டர். பிரீமியம் பெட்ரோல் லிட்டருக்கு 8 ரூபாய் அதிகம் என்று வைத்தாலே வருஷத்துக்கு 7,400. ஆக முதல் வருஷமே 57,000-ஐ நெருங்கிட்டோம். காரை விற்கும்போது இதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. வாங்க வருபவர் டியூன் போட்ட கார் என்று தெரிந்தால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

இன்சூரன்ஸை மறைக்காதீங்க. காரில் செய்த மாற்றத்தைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரியப்படுத்தி, பாலிசியில் பதிவு பண்ணச் சொல்லுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடலாம். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு உங்க கார் சேதத்துக்கான கிளெய்மை நிராகரிக்க அவங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துடும். ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்வதையும் ஒரு தடவை படிங்க. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றும் ஸ்டேஜ் 2 பக்கமே போக வேண்டாம்.

என் விதி இதுதான். சர்வீஸ் சென்டரில் கிளட்ச், டர்போ மாற்ற எவ்வளவு என்று எஸ்டிமேட் வாங்குங்க. அந்தத் தொகையைத் தனியா ஒரு ஆர்டியில் சேருங்க. இது உங்க ஆறு மாத எமர்ஜென்சி ஃபண்டுக்கு வெளியே இருக்கணும். சேர்ந்த பிறகு டியூன் போடுங்க, கையிலிருக்கும் காசில். நான் மாதம் 5,000 வீதம் போட்டுட்டு வர்றேன். இன்னும் 14 மாதம் பாக்கி. அதுவரை என் கார் ஸ்டாக் மேப்பில்தான் ஓடும்.