ஸ்டாப்வாட்ச் சொல்லாததையும் பார்ப்பார்கள்

அமெரிக்க பேஸ்பால் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன் பள்ளிப் பையன்களை நேரில் போய்ப் பார்ப்பது ஏன்? ரன் கணக்கு போதாதா?

போதாது. பள்ளி ஆட்டத்தில் சுமாரான பந்துவீச்சு கிடைத்தால் யாரும் அடித்துக் குவிக்கலாம். அதனால்தான் அணிக்காகத் திறமை தேடும் ஸ்கவுட் நேரில் வருகிறார். பந்தை மட்டையில் வாங்கும் திறன், அடியின் வலு, ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார். 50 என்றால் உச்சநிலை லீக்கான மேஜர் லீக்கின் சராசரி.

மட்டையில் பந்து பட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, முதல் பேஸில் கால் பட்டதும் நிறுத்துவார். வலக்கை ஆட்டக்காரர் 4.3 நொடியில் வந்தால் பரவாயில்லை. 4 நொடி என்றால் அபாரம். பந்துவீச்சுக்கு ரேடார் கன் இருக்கிறது. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது, அவுட்டாகித் திரும்பும் பையனை அவர் கவனிக்கும் விதம். ஹெல்மெட்டை விட்டெறிகிறானா, அல்லது உட்கார்ந்து பந்துவீச்சாளரின் கையை உற்றுப் பார்க்கிறானா?

இத்தனைக்கும் பிறகும் கணிப்பு தவறும். 1988-ல் மைக் பியாஸாவை டாட்ஜர்ஸ் அணி 62-வது சுற்றில், 1390-வது ஆளாகத்தான் எடுத்தது. அதுவும் அவருடைய அப்பாவின் நண்பரான மேனேஜர் டாமி லசோர்டா சொன்னதற்காக. 2016-ல் பியாஸா, பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.